டபரா டம்ளரில் தொடங்கும் படிப்பு: ஓவிய வகுப்பில் உங்கள் பிள்ளை வளர ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பை செம்பூரில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலைகளில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். மாட்டுங்காவிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வருகிறார்கள், முலுண்டிலிருந்துகூட இரண்டு பேர். சேர்த்த மூன்றாவது மாதம் பெற்றோர் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஹால்ல மாட்டுற மாதிரி ஒரு படம் எப்ப வரையும், டீச்சர்?"

அதற்குப் பதிலாக நான் ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டுவேன். புதிதாக வரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் நாள் எதுவும் சொல்லித்தர மாட்டேன். மேஜைமேல் ஒரு டபரா செட்டை வைத்து வரையச் சொல்வேன். தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். இரண்டு மாதம் கழித்து அதே டபரா, அதே டம்ளர், இன்னொரு தாள். இப்படி வருடத்துக்கு ஆறு.

முதல் தாள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். டம்ளரின் வாய் முழு வட்டமாகவும் அடிப்பாகம் நேர்கோடாகவும் இருக்கும். வாய் வட்டம் என்று பிள்ளைக்குத் தெரியும், மேஜை தட்டை என்றும் தெரியும். தெரிந்ததை வரைந்துவிட்டது. எதிரே இருக்கும் டம்ளரை அது இன்னும் பார்க்கவே இல்லை. தெரிந்ததை வரைவதிலிருந்து பார்ப்பதை வரைவதற்கு வந்து சேர்வதுதான் ஓவிய வகுப்பில் நடக்க வேண்டிய வளர்ச்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வழியில் எங்கே நிற்க வேண்டும், எங்கே அவசரப்படக் கூடாது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வகுப்பைப் பார்த்துச் சேருங்கள்

வகுப்புக்குள் போனதும் சுவரைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் வரைந்த பத்துப் படத்திலும் ஒரே சூரிய அஸ்தமனம், ஒரே தென்னை மரம், ஒரே படகு என்றால் வேறு இடம் தேடுங்கள். அங்கே பிள்ளைகள் பார்க்கக் கற்கவில்லை, ஒரு படத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

அடுத்து ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "திருத்தத்தைப் பிள்ளையின் தாளிலேயே போடுவீர்களா, தனித் தாளிலா?" இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது நான் போன வகுப்பில் மாஸ்டர் என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, நான் வரைந்த மயிலுக்குத் தோகை முழுவதையும் தானே தீட்டி முடித்தார். அந்தப் படம் போட்டியில் பரிசு வாங்கியது. வீட்டுக்கு வந்த மாமா ஆசையாக, "எங்கே, எனக்கும் ஒரு மயில் வரைஞ்சு குடு" என்றார். எனக்கு வரவில்லை. அம்மா ஷோகேஸில் வைத்த கோப்பையைப் பார்க்காமலே அந்த அறையைக் கடப்பேன். அதன்பிறகு இரண்டு வருடம் பென்சிலைத் தொடவில்லை. நல்ல ஆசிரியர் தன் தாளில் வரைந்து காட்டுவார். பிள்ளையின் தாள் பிள்ளைக்கே சொந்தம்.

ஒரு ஆசிரியருக்கு எட்டிலிருந்து பத்துப் பிள்ளைகள் இருந்தால் போதும். வாரம் ஒன்றரை மணி நேரம் நல்ல அளவு. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நுட்பம் எதுவும் வேண்டாம், தாளும் வண்ணமும் கொடுத்து விட்டுவிடுங்கள். நாலைந்து வயதில் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்களை வரைவார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் வரைகிறார்கள். உடம்பு எங்கே என்று கேட்காதீர்கள், தானாக வரும்.

படி 2: பொருள்கள்

எச்பி, 2பி, 4பி, 6பி என நான்கு பென்சில், ஒரு ஏ4 ஸ்கெட்ச் புத்தகம், ஒரு ரப்பர். முதல் ஆறு மாதத்துக்கு இது போதும். 48 கலர் பெட்டியை யாராவது பிறந்தநாளுக்குக் கொடுத்தால் வாங்கி உள்ளே வையுங்கள். நீர்வண்ணத்துக்கு வரும்போது 300 ஜிஎஸ்எம் என்று போட்ட கனமான தாள் வாங்குங்கள். சாதாரண டிராயிங் தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக நெளியும். அந்தத் தப்பைப் பிள்ளை தன் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். வண்ணத்தில் சிக்கனம் பார்க்கலாம், தாளில் பார்க்க வேண்டாம்.

மும்பைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரம் தாளுக்குள் இறங்கும். பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். பிடித்த தாளில் வண்ணம் திட்டுத் திட்டாக உறிஞ்சப்படும். ஷூ பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் தாளோடு சேர்த்து மூடிய பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

படி 3: முதல் மூன்று மாதம் கோடு மட்டும்

என் வகுப்பில் முதல் ஆறு வாரம் ரப்பர் கிடையாது. பெற்றோருக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் கவனித்துப் பாருங்கள்: தப்பான கோட்டை அழித்த பிள்ளை பத்தில் ஒன்பது தடவை அதே இடத்தில் அதே தப்பைத் திரும்பப் போடும். அழிக்காமல் விட்டால் அந்தக் கோடே சரியான கோட்டுக்கு வழிகாட்டும். "இதுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி" என்று அதுவே சொல்லிக்கொண்டு அடுத்த கோட்டைப் போடும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. பிள்ளை தன் இடது கையை மேஜைமேல் வைத்து, கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமலே வரையட்டும். ஐந்து நிமிடம். எறும்பு ஊர்கிற வேகத்தில் கண் போக வேண்டும், பென்சில் கண்ணோடு போக வேண்டும். வருகிற படம் கையைப் போலவே இருக்காது. ஆனால் விரல் மடிப்பில் இருக்கும் சுருக்கங்கள், நகத்தின் ஓரம், மணிக்கட்டின் மேடு எல்லாம் அதில் இருக்கும். வழக்கமாக வரைகிற கையில் இவை எதுவும் இருக்காது, ஐந்து வாழைப்பழம் மாதிரி விரல்கள்தான் இருக்கும்.

இன்னொன்று வேகப் பயிற்சி: அசைகிற ஆளை 30 விநாடியில் பிடிப்பது. முகம், உடை எதுவும் வேண்டாம். முதுகு எப்படி வளைகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, அவ்வளவுதான். இதற்கு இந்த ஊரைப் போல நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. லோக்கல் ரயிலில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள், பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தபடியே கீரை ஆய்கிறவர்கள், மாட்டுங்கா மார்க்கெட்டில் பூத் தொடுக்கிறவர்கள். வீட்டில் என்றால் டிவி பார்க்கும் பாட்டி போதும், அரை மணி நேரம் அசைய மாட்டார். தினம் பத்து நிமிடம் வரைகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வரைகிற பிள்ளையை மூன்றே மாதத்தில் தாண்டிப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

படி 4: அளவெடுக்கும் கண்

இந்தப் படியில்தான் நிறைய நாள் செலவழிக்க வேண்டும். பல வகுப்புகள் இதைத் தாண்டிக் கலருக்கு ஓடிவிடுகின்றன.

டம்ளருக்கே வருவோம். பிள்ளையின் கையில் டம்ளரைக் கொடுத்து, அதன் விளிம்பைச் சரியாகக் கண் மட்டத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். வட்டம் காணாமல் போய் ஒரே கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்கினால் அந்தக் கோடு நீள்வட்டமாகத் திறக்கும். இன்னும் இறக்கினால் இன்னும் திறக்கும். மார்புக்குக் கீழே கொண்டுபோய்க் குனிந்து நேர்மேலிருந்து பார்த்தால்தான் முழு வட்டம். இதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு மறக்காது. இதிலிருந்தே அடுத்தது வரும்: மேஜைமேல் இருக்கும் டம்ளரின் அடிப்பாகம் வாயைவிடக் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும், நேர்கோடாக இருக்கவே முடியாது. முதல் தாளில் இருந்த இரண்டு தப்புக்கும் மருந்து இந்த ஐந்து நிமிட விளையாட்டு.

பிறகு பென்சிலால் அளப்பது. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை டம்ளரின் வாய் விளிம்பில் நிறுத்திக் கட்டைவிரல் நகத்தை அடிப்பாகம் வரை நகர்த்த வேண்டும். அந்த உயரத்தை அப்படியே படுக்கவைத்து டபராவின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். உயரம் பெரிதா, அகலம் பெரிதா? அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் டம்ளரை இருப்பதைவிட உயரமாக வரைந்திருப்பார்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதை மட்டும் விடாமல் கவனியுங்கள்.

வெற்றிடத்தை வரைவது இன்னொரு வழி. வாளியை வரையச் சொல்லாமல், தூக்கிய கைப்பிடிக்குள் தெரிகிற இடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். நாற்காலி என்றால் கால்களுக்கு நடுவே தெரியும் இடம். அந்த இடத்துக்குப் பெயர் இல்லை, மனசுக்குள் அதற்கு ஏற்கெனவே ஒரு படமும் இல்லை. வேறு வழியில்லாமல் கண் பார்த்தாக வேண்டும்.

மனித உருவத்துக்கு இரண்டே குறிப்பு: நிற்கிற பெரியவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை அளவு. கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும், நெற்றியில் அல்ல.

படி 5: வெளிச்சமும் நிழலும்

ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். வெள்ளைத் தாள்மேல் ஒரு முட்டை. முட்டை உள்ளே வராத வீடு என்றால் டேபிள் டென்னிஸ் பந்து. 6பி பென்சிலால் தாளின் வெள்ளையிலிருந்து முழுக் கறுப்பு வரை ஐந்து கட்டம் முதலில் தீட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பந்தின் எந்த இடம் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று தேடட்டும். அடி விளிம்பில் மட்டும் நிழல் கொஞ்சம் வெளுத்திருக்கும். கீழே இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வெளிச்சம் திரும்பி மேலே படுவதால் அப்படி. இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் நாள் எனக்கு அந்த மாதத்திலேயே நல்ல நாள்.

பந்துக்குப் பிறகு மண்சட்டி, அப்புறம் பித்தளைச் செம்பு, கடைசியில்தான் எவர்சில்வர். எவர்சில்வர் கடினம். சாம்பல் நிறம் என்று தெரிந்ததால் பிள்ளை முழுவதும் சாம்பலாகத் தீட்டும். பார்த்தால் அங்கே பளிச்சென்ற வெள்ளையும் கன்னங்கரேலென்ற கறுப்பும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நவராத்திரி சமயத்தில் கொலுப் பொம்மைகள் நல்ல பயிற்சி. செட்டியார் பொம்மையின் தொப்பையில் வெளிச்சம் விழுகிற அழகே தனி.

படி 6: நிறம்

சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்று மாதத்துக்கு இவ்வளவுதான். பச்சை ட்யூபை ஒளித்து வையுங்கள். அதை அப்படியே பிதுக்கித் தீட்டினால் வேப்பமரமும் வாழை இலையும் ஒரே பச்சையாகிவிடும். கறுப்பும் வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் ஜூலை மாதத்து மும்பை வானம் கிடைக்கும். நீலம் கூடினால் மழைக்கு முன்னால், பழுப்பு கூடினால் மழைக்குப் பின்னால். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு சேர்க்கும் முதல் ட்யூப் அந்தப் பழுப்பாகவே இருக்கட்டும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எங்கே வெள்ளை வேண்டுமோ அதை முதலிலேயே விட்டுவிட வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய ரொம்ப நேரம் ஆகும். பொறுமையில்லாமல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் சேர்ந்து சேறாகும். அந்த மாதங்களில் நான் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் ஆரம்பித்து மாற்றி மாற்றித் தீட்டச் சொல்வேன்.

படி 7: "எனக்கு வரைய வராது"

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒரு நாள் இதைக் கேட்பீர்கள். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்து 1947-ல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், இந்த வயதை நிஜத்தைப் போலவே வரைய ஆசை விழிக்கும் பருவம் என்று பிரித்தார். என் அனுபவத்தில் அந்த ஆசைதான் வில்லங்கம். கண் ஒரு வருடத்தில் வளர்ந்துவிடுகிறது, கை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. நேற்று வரை சந்தோஷமாக வரைந்த பிள்ளைக்குத் தன் குதிரை நாய் மாதிரி இருப்பது முதல்முறையாகத் தெரிகிறது. நிறையப் பேர் வாழ்நாள் முழுக்க வரைவதை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

"இல்லையே, அழகாத்தானே இருக்கு" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்த உண்மையை நீங்கள் மறுக்கிறீர்கள், அதற்குப் பிறகு உங்கள் பாராட்டுக்கு மதிப்பு இருக்காது. "எந்த இடம் சரியா வரலைன்னு தோணுது?" என்று கேளுங்கள். "கால்" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த வாரம் குதிரைக் கால் மட்டும், ஒரு பக்கம் முழுக்க. என் வகுப்பில் ஒரு பையன் நாலு வாரம் கால் மட்டுமே வரைந்தான். அவன் அம்மா, "பீஸ் கட்டுறது இதுக்கா?" என்று கேட்டார். ஐந்தாவது வாரம் அவன் வரைந்த குதிரைக்குத் தரையில் நிற்கும் எடை வந்திருந்தது.

இந்த வயதில் கார்ட்டூனையும் அனிமேயையும் பார்த்து வரையும் மோகமும் வரும். தடுக்க வேண்டாம். நகலெடுப்பது பழைய, மரியாதையான படிப்பு. இதே ஊரின் ஜே.ஜே. கலைப் பள்ளி மாணவர்கள் 1872 முதல் தங்கள் ஆசிரியர் ஜான் கிரிஃபித்ஸோடு அஜந்தா குகைகளுக்குப் போய் வருடக்கணக்கில் சுவரோவியங்களை நகலெடுத்தார்கள். ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி கோயில் சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பைண்டு செய்து வைத்திருக்கக்கூடும். இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். ஒரே ஒரு விதி: நகல் என்று கீழே எழுத வேண்டும். நகலில் கற்ற ஒன்றை அதே வாரத்தில் நேரில் பார்த்து வரையும் படத்தில் பயன்படுத்த வேண்டும்.

படி 8: வெளியே கூட்டிப் போங்கள்

மாதம் ஒரு ஞாயிறு. முதலில் பைக்குளாவில் இருக்கும் ராணி பாக் மிருகக்காட்சிசாலை. அதே வளாகத்தில் 1872-ல் திறந்த டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தோட்டத்தில் எலிபெண்டா தீவிலிருந்து கொண்டுவந்த கல் யானை நிற்கிறது. அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த யானையே அதுதான். அசையாத அந்த யானையை முதலில் வரைந்துவிட்டு, பிறகு உள்ளே போய் அசைகிற மிருகங்களை வரையட்டும்.

அடுத்து சிஎஸ்எம்டி என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம். 1888-ல் முடிந்த அந்தக் கட்டடத்தின் கல் அலங்காரத்தில் ஜே.ஜே. பள்ளி மாணவர்களின் கை இருக்கிறது. 1857-ல் தொடங்கிய அந்தப் பள்ளியும் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். உங்கள் பிள்ளையைவிடச் சில வயதே மூத்தவர்கள் செய்த இலைகளும் விலங்குகளும் அந்தச் சுவரில் இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள், பார்வையே மாறும். காலா கோடாவில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பல நாட்களில் ஓவியரே தன் படங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "இதில் முதலில் எதை வரைந்தீர்கள்?" என்று பிள்ளையே கேட்கட்டும்.

படி 9: கிரேடு தேர்வுகள்

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என இரண்டு ஓவியத் தேர்வுகள் நடத்துகிறது. பள்ளி வழியாகப் பதிய வேண்டும். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், வடிவியலும் எழுத்து வரைதலும் என்று தாள்கள், ஏ, பி, சி என்று கிரேடு. எழுதட்டும், நல்ல தேர்வுதான். ஆனால் தேர்வுக்காக வகுப்பில் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன படிகளில் ஒரு வருடமாவது நடந்த பிள்ளைக்குப் பொருள் வரைதல் தாள் தானாக வந்துவிடும்.

டிசைன் தாளில் நம் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இடத்தைச் சமமாகப் பிரிப்பதும், ஒரு வடிவத்தைத் திருப்பித் திருப்பி அடுக்குவதும், நடுவிலிருந்து வெளியே வளர்ப்பதும் கைவந்த கலை. பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் ஒரு மாதம் காலையில் அவரோடு உட்காரவையுங்கள். நினைவுத் தாளுக்கு வீட்டுப் பயிற்சி போதும்: மார்க்கெட்டுக்கோ கோயிலுக்கோ போய்வந்ததும், பார்த்ததில் ஒரு காட்சியை வரையச் சொல்லுங்கள். தராசு எந்தப் பக்கம் இருந்தது, கடைக்காரர் எப்படி உட்கார்ந்திருந்தார்? மறந்திருந்தால் அடுத்த முறை கவனிக்கும்.

படி 10: ஆறு தாள்களைப் பரப்பிப் பாருங்கள்

வருடம் முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு ஆறு டபரா டம்ளர்களையும் தரையில் வரிசையாகப் பரப்புவேன். எந்தப் படம் அழகு என்று பார்க்க வேண்டாம். வாய் எந்தத் தாளில் நீள்வட்டமாகியது, அடிக்கோடு எப்போது வளைந்தது, டம்ளரின் நிழல் டபராவுக்குள் எப்போது விழுந்தது என்று தேடுங்கள். நடுவில் ஒரு தாள் முந்தையதைவிட மோசமாக இருக்கும், பெரும்பாலும் மூன்றாவதோ நான்காவதோ. புதிதாகக் கற்றது இன்னும் கைக்குப் பழகாத காலம் அது. பயப்பட வேண்டாம், அந்தத் தாளுக்கு அடுத்ததைப் பாருங்கள்.

போன மார்ச்சில் பத்து வயதுப் பெண் ஒருத்தியின் தாள்களை இப்படிப் பரப்பினோம். ஆறாவது தாளில் டம்ளரின் பக்கவாட்டில் ஒல்லியாக, நெடுக, ஏதோ கம்பிகள் மாதிரி வரைந்திருந்தாள். அவள் அம்மா குனிந்து, "இது என்னடி கீறல்?" என்று கேட்டார். "கீறல் இல்லம்மா, டீச்சர் வீட்டு ஜன்னல். டம்ளர்ல தெரியுது." அம்மா நிமிர்ந்து மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தார், திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.